ஓவர்டோஸ்: தடுப்பதும் கணக்கெடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் எல்லாம் ஒரே குடும்பம். ஓபியாய்டுகள் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். போதைப்பொருளால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு இவற்றால்தான் என்பதால் இந்தப் பக்கமும் பெரும்பாலும் இவற்றைப் பற்றியே பேசுகிறது. களப்பணியாளர்கள், தன்னார்வலர்கள், வீட்டார் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

ஓவர்டோஸில் ஆள் எதனால் இறக்கிறார்?

மூச்சு நிற்பதால். மூச்சின் தாளத்தைப் பிடித்துவைத்திருக்கும் நரம்புக் கூட்டம் மூளைத்தண்டில் இருக்கிறது. ஓபியாய்டு அதை அமுக்கிவிடுகிறது. சாதாரணமாக ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் உடம்பு நம்மை மூச்சிழுக்கச் சொல்லி அவசரப்படுத்தும். அந்த அவசரமும் மழுங்கிப்போகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓட வேண்டிய மூச்சு எட்டாகி, நாலாகி, நின்றுபோகும். இதயம் அதற்குப் பிறகும் சற்று நேரம் துடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் கடந்தால் மூளை சேதப்படத் தொடங்கும். எந்த ஊர் ஆம்புலன்ஸும் அதற்குள் வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. மருந்தும் பயிற்சியும் பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் மன்றாடுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

நல்ல தூக்கமா, ஓவர்டோஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசையவில்லை என்றால் விரல்களை மடக்கி, விரல் முட்டிகளால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். தூங்குபவர் வலி தாளாமல் கையைத் தட்டிவிடுவார். ஓவர்டோஸ் ஆனவர் அசையமாட்டார்.

பிறகு மூச்சைப் பாருங்கள். தொண்டையில் கரகரவென்றோ தண்ணீர் கொப்பளிப்பது போலவோ சத்தம் வந்தால் "குறட்டைதானே" என்று விட்டுவிடாதீர்கள். நாக்கு பின்னுக்குச் சரிந்து காற்றுக் குழலை அடைக்கும் சத்தம் அது. பக்கத்து அறையில் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே வீட்டார் படுத்திருக்க, விடியும்போது உயிர் போயிருப்பது அடிக்கடி நடக்கிறது. கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாயும் என்பார்கள். கறுத்த தோலில் நீலம் தெரியாது, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு உதட்டின் உட்புறம், ஈறு, உள்ளங்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது, எந்த வரிசையில்?

முதலில் அவசர எண்ணை அழையுங்கள். "ஆள் மூச்சு விடவில்லை, கூப்பிட்டால் எழவில்லை" என்ற இரண்டும் இடத்தின் அடையாளமும் போதும். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும்.

அடுத்தது நலோக்ஸோன். இது ஓபியாய்டு அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் போய் அமரும் மருந்து. அமெரிக்காவில் 1971 முதல் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. மூக்கு ஸ்பிரே என்றால் ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்கழுத்தைத் தாங்கித் தலையைச் சற்றுச் சாயுங்கள். உங்கள் விரல்கள் மூக்கின் அடியைத் தொடும்வரை குழலை ஒரு துவாரத்தில் நுழைத்து, அடியிலுள்ள பிஸ்டனைக் கட்டைவிரலால் முழுசாக அழுத்துங்கள். வேலை செய்கிறதா என்று முன்கூட்டி ஒருமுறை அழுத்திப் பார்ப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஒரு கருவியில் ஒரே ஒரு வேளை மருந்துதான் இருக்கிறது. 4 மில்லிகிராம், வெறும் 0.1 மில்லிலிட்டர் திரவத்தில். சோதித்துப் பார்த்தால் அது காற்றோடு போயிற்று.

ஊசி என்றால் 0.4 மில்லிகிராம், பொதுவாக 1 மில்லிலிட்டர் குப்பியில். தோள் தசையிலோ தொடையின் வெளிப்பக்கத் தசையிலோ செங்குத்தாகக் குத்த வேண்டும். துணிக்கு மேலாகவும் குத்தலாம். ரத்த நாளம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மருந்து கொடுத்த கையோடு மூச்சு கொடுங்கள். வாயில் ஏதாவது அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, 5 அல்லது 6 விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். வயிறு மட்டும் உப்பினால் தலை சரியாகச் சாயவில்லை என்று பொருள். நாடித்துடிப்பே இல்லையென்றால் நெஞ்சு அழுத்தம் தேவை: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லையென்றால் இரண்டாவது வேளையை மற்ற துவாரத்தில் கொடுங்கள். பதறிப்போய் 30 விநாடிக்கு ஒன்றாக மூன்று நான்கு கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தை நிரப்ப வேண்டியது உங்கள் மூச்சு. தானாக மூச்சு விடத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மேல்கால் முழங்காலில் மடங்கி, கை கன்னத்துக்கு அடியில் இருக்கட்டும். வாந்தி வந்தால் புரையேறாது.

குளிர்ந்த நீரை ஊற்றுவது, கன்னத்தில் அறைவது, உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது, தூக்கி நடக்கவைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். வேறு எந்தப் பயனும் இல்லை.

கண் விழித்துவிட்டார். போகலாமா?

போகக்கூடாது. நலோக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உடம்பில் உள்ள ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் இருக்கலாம். மெத்தடோன் நாள் கணக்கில் நிற்கும். முறிமருந்து இறங்கியதும் மூச்சு மறுபடி அமுங்கும். குறைந்தது இரண்டு மணி நேரம் கூடவே இருங்கள். நீண்ட நேரம் நிற்கும் மருந்தென்றால் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.

விழித்தவருக்கு உடல் நடுக்கம், வாந்தி, எரிச்சல், கோபம் எல்லாம் வரும். போதை திடீரென்று பிடுங்கப்பட்ட வேதனை அது. உங்களைத் திட்டினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். என்ன நடந்தது என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். வேதனை தாளாமல் உடனே மீண்டும் எடுத்துவிட்டால் இரட்டை ஆபத்து என்பதையும் சொல்லுங்கள்.

அப்படியானால் இன்னும் வலுவான நலோக்ஸோன் நல்லதல்லவா?

இல்லை. 8 மில்லிகிராம் ஸ்பிரேயையும் 4 மில்லிகிராம் ஸ்பிரேயையும் நியூயார்க் மாநிலக் காவலர்கள் களத்தில் பயன்படுத்தியதை ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. பிழைத்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமில்லை. வாந்தி உள்ளிட்ட வேதனை அறிகுறிகள்தான் 8 மில்லிகிராமில் அதிகம். மருத்துவமனைகளில் பழக்கமுள்ளவருக்கு 0.04 மில்லிகிராமில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும் இதற்காகத்தான். ஆள் எழுந்து உட்கார வேண்டியதில்லை, மூச்சு சீரானால் போதும்.

நலோக்ஸோன் எப்போது பலிக்காது?

மது, தூக்க மாத்திரை, உடம்பை முடுக்கிவிடும் கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமின் ஆகியவற்றை அது தொடாது. கால்நடை மருத்துவத்தில் மயக்கத்துக்குப் பயன்படும் ஸைலஸீன் இப்போது வட அமெரிக்காவில் ஃபென்டனிலோடு கலந்து வருகிறது. அங்கே நலோக்ஸோன் கொடுத்தால் மூச்சு திரும்பும், ஆள் விழிக்கமாட்டார். பழைய பழக்கத்தில் "இன்னும் எழவில்லையே" என்று மேலும் மேலும் ஸ்பிரே அடிப்பார்கள். மூச்சு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

என்ன எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் நலோக்ஸோன் கொடுக்கலாம். ஓபியாய்டு இல்லாத உடம்பில் அது தீங்கு செய்வதில்லை. கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமின் வகையால் வரும் ஓவர்டோஸ் வேறு மாதிரி இருக்கும்: உடம்பு கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், வலிப்பு வரும். அதற்குத் தனி முறிமருந்து கிடையாது. உடம்பைக் குளிரவைத்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நலோக்ஸோன் கையில் இருந்தால் துணிச்சல் வந்து அதிகமாக எடுப்பார்களே?

இந்தக் கேள்வியில் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பொதுமக்களுக்குப் பயிற்சியும் நலோக்ஸோனும் கொடுத்த ஊர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் அதிகமிருந்த ஊர்களில் ஓவர்டோஸ் மரண விகிதம், திட்டமே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் 46 சதவீதம் குறைவு. பயிற்சி குறைவாகப் பரவிய ஊர்களில் 27 சதவீதம் குறைவு. ஓவர்டோஸைப் பார்க்க நேரும் பொதுமக்களுக்கும் நலோக்ஸோன் கிடைக்க வேண்டும் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. ஸ்காட்லாந்து 2011-லேயே தேசியத் திட்டமாக ஆக்கியிருந்தது.

முறிமருந்தால் கிடைப்பது வலிமிகுந்த விழிப்பு. அதை விரும்பி யாரும் அளவைக் கூட்டுவதில்லை.

யாருக்கு ஆபத்து மிக அதிகம்?

இடைவெளி விட்டுத் திரும்புபவர்களுக்கு. பழக்கத்தால் உடம்புக்கு வந்திருந்த தாங்குதிறன் சில நாள், சில வாரம் நிறுத்தினாலே இறங்கிவிடும். பழைய அளவையே எடுத்தால் அது இப்போது கொல்லும் அளவு. சிறையிலிருந்தும் மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் நீண்ட மருத்துவமனைத் தங்கலிலிருந்தும் வெளியேறும் நாட்கள் இதனால்தான் பயங்கரமானவை. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 129 மடங்கு. நல்ல நம்பிக்கையோடு வீட்டுக்கு வந்த பிள்ளை பத்தாம் நாள் போய்விடும் கதைகளுக்குப் பின்னால் இந்த எண் இருக்கிறது.

அடுத்த கூட்டம், ஒருமுறை ஓவர்டோஸாகிப் பிழைத்தவர்கள். மாசசூசெட்ஸில் அவசரப் பிரிவில் காப்பாற்றி அனுப்பப்பட்ட 11,557 பேரைப் பின்தொடர்ந்ததில் 635 பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். 130 பேர் முதல் மாதத்திலேயே. 29 பேர் முதல் இரண்டு நாளில். "வெளிநோயாளர் பிரிவுக்கு அடுத்த வாரம் வாருங்கள்" என்று சீட்டெழுதி அனுப்புவது எவ்வளவு தாமதம் என்பதை அந்த 29 பேர் காட்டுகிறார்கள். கையில் நலோக்ஸோனும், பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான பூப்ரினார்ஃபினின் முதல்நாள் அளவும் இல்லாமல் அவரை அனுப்பக்கூடாது.

தனியாக எடுப்பதும், தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்த்து எடுப்பதும் தனித்தனி ஆபத்துகள்.

எல்லாவற்றிலும் அதிக உயிரைக் காப்பது எது?

எங்களைக் கேட்டால் மெத்தடோன், பூப்ரினார்ஃபின் சிகிச்சை. இவையும் ஓபியாய்டுகள்தான், ஆனால் மருத்துவர் குறித்த அளவில் எடுத்தால் ஏக்கத்தை அடக்கும். தொடர்ந்து எடுப்பவர்களின் இறப்பு, எடுக்காதவர்களைவிடப் பாதியளவுக்குக் குறைகிறது. பிரான்ஸ் 1995-இல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பூப்ரினார்ஃபின் எழுதலாம் என்று கதவைத் திறந்தது. நான்கே ஆண்டில் ஓவர்டோஸ் மரணங்கள் ஐந்தில் நாலு பங்கு குறைந்தன. ரோட் ஐலண்டு மாநிலம் 2016-இல் தன் சிறைகளுக்குள்ளேயே இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பிறகான ஓவர்டோஸ் மரணங்கள் ஓராண்டில் சுமார் 60 சதவீதம் இறங்கின.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்ற பேச்சு இந்த மருந்துகளை இன்னும் துரத்துகிறது. சரியான அளவில் எடுப்பவருக்குப் போதை ஏறுவதில்லை. வேலைக்குப் போகிறார், வீட்டைப் பார்க்கிறார். திடீரென்று நிறுத்தினால்தான் மேலே சொன்ன தாங்குதிறன் இறங்கிய ஆபத்துக்குள் அவரே தள்ளப்படுகிறார்.

ஃபென்டனில் சோதனைப் பட்டை எப்படிப் பயன்படுகிறது? எங்கே ஏமாற்றும்?

எடுக்கப்போகும் தூளில் ஃபென்டனில் கலந்திருக்கிறதா என்று காட்டும் பட்டை இது. அந்தத் தூளில் சுமார் 10 மில்லிகிராமைச் சுத்தமான உலர்ந்த பாத்திரத்தில் போட்டு அரை டீஸ்பூன் தண்ணீர் கலக்க வேண்டும். மெத்தாம்ஃபெட்டமின், எம்டிஎம்ஏ (எக்ஸ்டஸி) என்றால் முழு டீஸ்பூன். பட்டையின் அலைக்கோடு உள்ள முனையை 15 விநாடி நனைத்துவிட்டு, சமதளத்தில் வைத்து 2 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் ஃபென்டனில் இருக்கிறது. இரண்டு கோடு என்றால் தென்படவில்லை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். பயிற்சியில் இதை மூன்று முறையாவது சொல்லுங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான்.

மெத்தாம்ஃபெட்டமினுக்குத் தண்ணீர் குறைந்தால் இல்லாத ஃபென்டனிலை இருப்பதாகக் காட்டும். தூளில் ஃபென்டனில் சீராகக் கலந்திருப்பதில்லை, அங்கங்கே கட்டியாக இருக்கும். நீங்கள் கிள்ளிய மூலையில் இல்லாதது அடுத்த மூலையில் இருக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்றும் பட்டை சொல்லாது. நிட்டஸீன் என்ற வேறு ஓபியாய்டு வகை இதில் தெரியவே தெரியாது, அதற்குத் தனிப் பட்டை.

ஃபென்டனில் தூளைத் தொட்டாலே மயங்கி விழுவார்களாமே?

விழமாட்டார்கள். தோலில் பட்ட தூள் அவ்வளவு வேகமாக உள்ளே போகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். இந்தப் பயத்தால் கீழே கிடப்பவருக்கு மூச்சு கொடுக்கத் தயங்குவதுதான் உண்மையான கேடு.

ஒரு மரணம் எப்படிப் புள்ளிவிவரமாகிறது?

இறந்த இடத்தின் விசாரணை, உடற்கூறாய்வு, நச்சியல் ஆய்வு, இறப்புச் சான்றிதழ், பிறகு குறியீடு. ஒவ்வொரு கண்ணியிலும் ஓட்டை உண்டு.

ஆய்வகத்தின் வழக்கமான அபின் சோதனை மார்ஃபினைத்தான் பிடிக்கும், ஃபென்டனிலைப் பிடிக்காது. தனியாகக் கேட்டால்தான் தேடுவார்கள். ஹெராயின் உடம்பில் சில நிமிடங்களில் மார்ஃபினாக மாறிவிடும். 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற இடைப்பொருளைத் தேடாவிட்டால் ஹெராயின் மரணம் மார்ஃபின் மரணமாகப் பதிவாகும். இறந்த பிறகு மருந்து உறுப்புகளிலிருந்து கசிந்து இதய ரத்தத்தில் அளவைக் கூட்டிக்காட்டும். தொடை நாளத்திலிருந்து ரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

குறியீடு உலக நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்புப்படி. தற்செயல் நஞ்சு என்றால் எக்ஸ்40 முதல் எக்ஸ்44, தற்கொலை எக்ஸ்60 முதல் எக்ஸ்64, நோக்கம் தெரியாதது ஒய்10 முதல் ஒய்14. எந்தப் பொருள் என்பதற்கு இன்னொரு குறியீடு: ஹெராயின் டி40.1 (T40.1), மெத்தடோன் டி40.3, ஃபென்டனில் டி40.4. இந்தக் கடைசிப் பெட்டிக்குள் டிரமடால் என்ற வலிமருந்தும் இருக்கிறது. சான்றிதழில் மருத்துவர் "பல மருந்து நச்சு" என்று ஒற்றை வரி எழுதிவிட்டால் அது டி50.9, அதாவது எதுவென்று தெரியாத மருந்து. ஆய்வகம் கண்டுபிடித்த அத்தனையும் அந்த வரியில் தொலைந்துபோகிறது. ஒவ்வொரு பொருளின் பெயரையும் எழுதுங்கள் என்று சான்றளிப்பவர்களுக்குச் சொல்லித்தருவதுதான் இந்தத் துறையில் மிக மலிவான சீர்திருத்தம்.

எண்கள் ஏன் தாமதமாக வருகின்றன? ஏன் பின்னால் மாறுகின்றன?

நச்சியல் முடிவுக்கு வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும். அதுவரை சான்றிதழில் "விசாரணையில்" என்றிருக்கும். அமெரிக்கா தன் தற்காலிக எண்களை நான்கு மாதம் பின்தங்கி, 12 மாதத் தொகையாக வெளியிடுகிறது. முடிவாகாத வழக்குகளுக்கு ஈடுகட்டி மதிப்பிட்ட எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். 2022-இல் 1,07,941 மரணங்கள், 2023-இல் 1,05,007, 2024-இல் ஏறக்குறைய 80,000. ஒருவர் உடம்பில் ஹெராயினும் ஃபென்டனிலும் கொக்கைனும் இருந்தால் மூன்று வகையிலும் எண்ணப்படுவார். வகைகளைக் கூட்டி மொத்தம் காண்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

நான்கு மாதம் காத்திருக்க முடியாதே. விரைவாக அறிய என்ன வழி?

அவசரப் பிரிவுக்கு வருபவர் சொல்லும் முதல் வாக்கியம் கணினியில் ஏறும். அதில் சொற்களைத் தேடி அன்றன்றே எண்ணலாம். எழுத்துப்பிழையும் "மயங்கிக் கிடந்தார்" என்ற பொதுவரியும் தேடலில் நழுவிப்போகும். புதிதாக ஒரு மருத்துவமனை இந்தக் கண்காணிப்பு வலையில் சேர்ந்த வாரம் ஊரே மயங்கியதுபோல் எண் ஏறும்.

ஆம்புலன்ஸ் பதிவு இன்னும் வேகம். அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய ஓடிமேப் என்ற வரைபடத்தில் களத்தில் இருப்பவர் இடம், நேரம், பிழைத்தாரா, எத்தனை வேளை நலோக்ஸோன் என்று உள்ளிடுகிறார். 24 மணி நேரத்தில் வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை போகும்.

கழிவுநீர் வேறொன்றைச் சொல்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் 24 மணி நேர மாதிரி எடுத்து, செறிவை நீரோட்டத்தால் பெருக்கி, மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். கொக்கைனுக்கு நேரடியாகத் தேடாமல் உடம்பு அதை உடைத்த பென்சாயில்எக்கோனினைத் தேடுவார்கள். யாரோ பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினாலும் ஏமாறாமலிருக்க அது உதவும். ஆனால் ஊர் எவ்வளவு எடுத்தது என்றுதான் இது காட்டும், யார் மூச்சு நின்றது என்றல்ல. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் பயன்படுத்திய ஊசிக்குழலின் கசடையும் ஆராய்கிறார்கள். சந்தையில் புதுப்பொருள் நுழைந்ததை அது முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும்.

ஆம்புலன்ஸ் அழைப்பு குறைந்தால் நிலைமை தேறிவிட்டதா?

அவசரப்படாதீர்கள். நலோக்ஸோன் வீடுகளுக்குப் போய்ச்சேர்ந்தால் பலர் ஆம்புலன்ஸை அழைக்காமலே பிழைப்பார்கள். போலீஸ் பயத்தாலும் அழைப்பு குறையும். விநியோகித்த குப்பிகள், திரும்பி வந்து மறுநிரப்பல் கேட்டவர்கள், மரணங்கள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். சிறிய ஊரில் இரண்டு மரணம் நான்கானால் "இருமடங்கு" என்று தலைப்பிடவும் வேண்டாம். எண் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போது வெளியிட்டால் ஆளே அடையாளம் தெரிந்துவிடும். அமெரிக்காவின் பொதுத் தரவுத்தளத்தில் 1 முதல் 9 வரையான எண்களை மறைப்பது அதனால்தான்.

கணக்கெடுப்பு என்ற பெயரில் போலீஸ் வந்துவிடுமா?

வந்தால் கணக்கும் அழியும், உயிரும் போகும். உதவிக்கு அழைப்பவரைச் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குத் தொடுப்பதிலிருந்து காக்கும் சட்டம் அமெரிக்காவில் முதலில் நியூ மெக்சிகோவில் 2007-இல் வந்தது. இத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் சுகாதாரத் தரவை வழக்குப்பதிவிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும்.

நலோக்ஸோன் காலாவதியாகிவிட்டது. எறிந்துவிடலாமா?

புதியது கைக்கு வரும்வரை எறியாதீர்கள். வேறொன்றும் இல்லாதபோது பழையதைக் கொடுப்பது எதுவும் கொடுக்காமலிருப்பதைவிட மேல். 4 மில்லிகிராம் ஸ்பிரேயின் ஆயுளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகமே 2024-இல் மூன்றிலிருந்து நான்கு ஆண்டாக்கியது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள். பூட்டிய அலமாரியிலும் வேண்டாம்.

புதிதாகத் திட்டம் தொடங்குகிறோம். ஒவ்வொரு ஓவர்டோஸுக்கும் எதைப் பதிவது?

அரைப் பக்கப் படிவம் போதும். நீளமான படிவத்தை நடுங்கும் கையோடு யாரும் நிரப்பமாட்டார்கள். தேதி, நேரம், தெருவெண் இல்லாமல் பகுதி மட்டும், வயது வரம்பு, எதை எடுத்ததாக நினைக்கிறார், தனியாக இருந்தாரா, எத்தனை வேளை நலோக்ஸோன், மூச்சு கொடுத்தார்களா, ஆம்புலன்ஸ் அழைத்தார்களா, இல்லையென்றால் ஏன், பிழைத்தாரா. பெயர் வேண்டாம். கடைசியில் ஒரு கட்டம் வையுங்கள்: பயன்படுத்திய குப்பிக்குப் பதில் புதியது கொடுத்தாயிற்றா, எந்தத் தேதியில்? வாரந்தோறும் படிவங்களை அடுக்கும்போது முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருக்கும் வீட்டுக்கு அன்றே ஆள் போகட்டும்.